டாரன்டுலாவுக்கு உயிர்ப்பூச்சித் தீனி

வளர்ப்பு டாரன்டுலாச் சிலந்திகளுக்கு உயிருள்ள பூச்சிகளை உணவாகக் கொடுக்கும் முறை உயிர்ப்பூச்சித் தீனி எனப்படும். சுவர்க்கோழி, கரப்பான், மாவுப்புழு ஆகிய மூன்றும் உலகெங்கும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. பார்வைக்கு இது மிக எளிய வேலை. பெட்டியின் மூடியைத் திறந்து பூச்சியைப் போட்டால், சிலந்தி பாய்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் டாரன்டுலா பட்டினியால் சாவது அரிது. பெட்டியில் மறந்து விடப்பட்ட ஒரு சுவர்க்கோழியாலோ, பூச்சிமருந்து பட்ட ஒரு கரப்பானாலோ, மிச்சத்தைத் தேடி வந்த எறும்புகளாலோ அது சாகக்கூடும். எனவே தீனி கொடுக்கக் கற்பவர் முதலில் கற்க வேண்டியது, எப்போது கொடுக்கக் கூடாது என்பதையே.

டாரன்டுலாவும் தமிழ் நிலமும்

டாரன்டுலா என்பது தெரபோசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த, உடலெங்கும் மயிரடர்ந்த பெரிய சிலந்திகளின் பொதுப்பெயர். இக்குடும்பத்தில் 1,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இத்தாலியின் தாரந்தோ நகரின் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. ஆனால் அந்த ஊரில் முதலில் இப்பெயர் பெற்றது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஓநாய்ச் சிலந்தி. ஐரோப்பியர் பிற கண்டங்களில் பெரிய சிலந்திகளைக் கண்டபோது அதே பெயரை அவற்றுக்கும் சூட்டிவிட்டனர்.

வளர்ப்பு உலகில் டாரன்டுலா என்றதும் மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் வளர்ப்பாளர்கள் பெரிதும் விரும்பித் தேடும் பொசிலோதீரியா என்னும் மரவாழ் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதன் இனங்கள் சில தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தே அறிவியலுக்கு அறிமுகமாயின. பொசிலோதீரியா ரெகாலிஸ் என்னும் இனத்தை 1899-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரெஜினால்ட் இன்னெஸ் போகாக் விவரித்தார். அவர் விவரித்த மாதிரி அரக்கோணத்தில் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வடக்குப்பட்டு என நீளும் இன்றைய தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து அரக்கோணம் அதிகத் தொலைவில் இல்லை. அதே ஆண்டில் அவர் விவரித்த நீலநிறப் பொசிலோதீரியா மெட்டாலிகா, ஆந்திரத்தின் கூட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய மரக்கிடங்கில் பிடிபட்டது. அதன் உண்மையான வாழிடம் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு என்பது ஒரு நூற்றாண்டு கழித்து 2001-ல்தான் தெரிந்தது. விறகோடு ரயிலேறி வந்த சிலந்தி அது.

இராமேசுவரம் பகுதியின் பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா 2004-ல் விவரிக்கப்பட்டது. அங்குள்ள அனுமன் கோயில் ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. இலங்கையின் மாங்குளத்தில் கண்டறியப்பட்ட பொசிலோதீரியா ராஜேய், தேடலுக்கு உதவிய ஒரு காவல்துறை அதிகாரியின் பெயரைத் தாங்குகிறது. கால்களை விரித்தால் அது ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கும். இவற்றுள் சில இனங்கள், வாழிடமான முதுமரங்கள் வெட்டப்படுவதால் அழிவின் விளிம்பில் உள்ளன.

சிலந்தி உண்ணும் முறை

எட்டுக் கண்கள் இருந்தும் டாரன்டுலாவின் பார்வை மங்கலானது. ஒளியையும் நிழலையும் பிரித்தறியும், அவ்வளவே. அதற்கு உலகம் அதிர்வால் ஆனது. கால்களிலுள்ள மெல்லிய உணர்மயிர்கள் காற்றின் சிறு அசைவையும், கால் ஓட்டிலுள்ள நுண்ணிய கீறல் போன்ற உறுப்புகள் தரையின் நடுக்கத்தையும் பதிவுசெய்கின்றன. பெரும்பாலான இனங்கள் இரையைத் துரத்திச் செல்வதில்லை. வளையின் வாயிலிலோ மரப்பொந்தின் விளிம்பிலோ இரவெல்லாம் அசையாமல் காத்திருந்து, அருகில் வந்ததைப் பிடிக்கின்றன.

வீட்டுச் சிலந்திகளின் நச்சுப் பற்கள் இடுக்கிபோல ஒன்றையொன்று நோக்கி மூடுபவை. டாரன்டுலாவின் பற்களோ இரண்டு கொத்துக்கோல்களைப் போல இணையாகக் கீழ்நோக்கிக் குத்துபவை. இதனால்தான் பிடிக்கும் முன் அது முன்னுடலைத் தூக்குகிறது. நஞ்சு இரையின் அசைவை நிறுத்துகிறது. பிறகு செரிப்பு நீரை இரையின் மேல் உமிழ்ந்து, பற்களால் பிசைந்து, கரைந்த சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. அதாவது செரிமானத்தின் பெரும்பகுதி வாய்க்கு வெளியே நடக்கிறது. ஒரு பெரிய சுவர்க்கோழியை முடிக்கச் சில மணி நேரம் ஆகலாம். இறுதியில் இறகுத் துண்டுகளும் ஓடும் சேர்ந்த ஓர் உருண்டை மிஞ்சும். அதைச் சிலந்தி தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளோ ஒரு மூலையிலோ போட்டுவிடும்.

உடலின் செலவு மிகக் குறைவு என்பதால் ஒரு வேளை உணவு நீண்ட நாளைக்குப் போதும். நன்கு வளர்ந்த பெண் சிலந்தி சில மாதங்கள் உண்ணாமல் இருப்பது நோயின் அறிகுறி அன்று. டாரன்டுலாவுக்குத் தூரத்து உறவான பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1974 முதல் தொடர்ந்து கவனித்து வந்தனர். 16 என்ற எண்ணால் அறியப்பட்ட அச்சிலந்தி ஒரே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. வளை வாயிலுக்கு எது வந்ததோ அதுவே அதன் உணவு. கடைசியில் ஒரு குளவி அதைத் தன் குஞ்சுக்கு உயிருள்ள தீனியாக்கியது.

உயிருள்ள பூச்சி ஏன்?

அதிர்வே அழைப்பு என்பதால், அசையாத உணவைச் சிலந்தி கண்டுகொள்ளாமல் போகலாம். உயிர்ப்பூச்சி கொடுப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். இறந்த பூச்சி விரைவில் காய்ந்தோ அழுகியோ போகும் என்பது இரண்டாவது.

ஆனால் இது விலக்கில்லாத விதி அன்று. பல டாரன்டுலாக்கள், அப்போதுதான் கொல்லப்பட்ட பூச்சியைக் கால் முனைக்கு அருகில் வைத்தால் எடுத்துக்கொள்கின்றன. குறிப்பாக, பொரித்துச் சில வாரங்களே ஆன குஞ்சுகளுக்கு இதுவே நல்ல முறை. குஞ்சின் உடல் ஓர் அரிசி அளவே இருக்கும். அதைவிடச் சிறிய உயிர்ப்பூச்சியை ஒவ்வொரு முறையும் தேடுவது கடினம். ஒரு சுவர்க்கோழியின் பின்னங்காலைத் துண்டித்துக் குப்பியில் போட்டால் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். மறுநாள் அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். இறக்கை குன்றிய பழ ஈக்களும் குஞ்சுகளுக்கு ஏற்றவை.

தீனிப் பூச்சிகள்

சுவர்க்கோழியே இவற்றுள் முதன்மையானது. சில்வண்டு என்றும் இதைப் பலர் அழைப்பதுண்டு. துள்ளும், ஓடும், உடல் மென்மையானது. ஆகவே சிலந்திக்கு எளிய இரை. உலகச் சந்தையில் நெடுங்காலம் விற்றது ஐரோப்பிய வீட்டுச் சுவர்க்கோழி. 2000-களில் ஐரோப்பாவிலும், 2009–2010 காலத்தில் வட அமெரிக்காவிலும் டென்சோவைரசு என்னும் தீநுண்மி அதன் பண்ணைகளில் பரவிப் பலவற்றை மூட வைத்தது. பண்ணையாளர்கள் மாற்று இனங்களைத் தேடினர். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, உடலில் கருப்புப் பட்டைகள் கொண்ட வெப்பமண்டல வீட்டுச் சுவர்க்கோழி. நம் ஊர்களில் சமையலறை மூலையிலும் குளியலறை வடிகாலிலும் இரவில் கத்துவது பெரும்பாலும் இந்தச் சிற்றினமே. அயல்நாட்டார் பெட்டியில் வாங்கும் பொருள் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. இருந்தாலும் அதை நேராக எடுத்துக் கொடுப்பதில் உள்ள சிக்கல் பின்னர் கூறப்படும்.

சுவர்க்கோழி வளர்ப்புக்கு ஒரு நெகிழித் தொட்டி, முட்டை அட்டைகள், தவிடு, கேரட் துண்டு ஆகியவை போதும். திறந்த தண்ணீரில் அவை மூழ்கிவிடும் என்பதால் நனைத்த பஞ்சு வைக்கப்படுகிறது. ஈரமான தென்னை நார்க்கழிவு நிரப்பிய சிறு டப்பாவில் பெண் பூச்சிகள் முட்டையிடும். 30 பாகை செல்சியசு அளவில் இரண்டு வாரத்துக்குள் குஞ்சுகள் வெளிவரும். இந்த வெப்பத்துக்காகக் குளிர்நாடுகளில் மின்விளக்கு வைக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கு அது தேவைப்படாது. நெரிசலும் ஈரமும் கூடினால் ஒரே நாளில் பாதிப் பூச்சிகள் இறந்து நாற்றமெடுக்கும். ஆண் பூச்சிகளின் இரைச்சலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் ஒரே இரவில் மனம் மாறிவிடுவார்.

கரப்பான்களில் தென்னமெரிக்காவின் டூபியா இனம் பெயர்பெற்றது. கத்தாது, வழுவழுப்பான கண்ணாடியில் ஏறாது, நீண்ட நாள் வாழும். ஆனால் அது தரையில் புதைந்துகொண்டு அசையாமல் கிடக்கும். சிலந்தி அதை உணராது. வளர்ப்பவரோ தின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். தலையை நசுக்கியபின் கொடுப்பது இதற்கான வழக்கமான தீர்வு. இன்னொரு கவலையும் உண்டு. குளிர்நாட்டு வீட்டிலிருந்து தப்பிய டூபியா வெளியே பெருக முடியாமல் மடிந்துவிடும். தமிழ்நாட்டின் வெப்பத்தில் அந்தத் தடை கிடையாது. அயல் கரப்பான்களைக் கைவிட நேர்ந்தால் உறைபெட்டியில் வைத்துக் கொன்றபின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும்.

மாவுப்புழுவும் அதன் பெரிய உறவான சூப்பர்ப்புழுவும் வண்டுகளின் புழுப்பருவங்கள். அரோவானா போன்ற மீன்களுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் தீனியாவதால், சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளை ஒட்டி இவற்றைத் தேடுவோர் உண்டு. இவற்றில் கொழுப்பு மிகுதி. அன்றாட உணவாகக் கொள்வது நல்லதன்று. மண்ணுக்குள் புகும் பழக்கமும் உண்டு. புகுந்தது வண்டாக வெளிவரலாம், அல்லது தோலுரிக்கும் சிலந்தியைக் கடிக்கலாம்.

எந்தப் பூச்சியானாலும் அதன் குடலில் உள்ளதே சிலந்திக்குப் போகிறது. பசியோடு வாடிக் கிடந்த சுவர்க்கோழி வெறும் ஓடுதான். கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பு கீரை, கேரட், பூசணி போன்றவற்றை அதற்குத் தின்னக் கொடுப்பது பயனுள்ள பழக்கம். காய்களை நன்கு கழுவ வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

வெளியில் பிடித்த பூச்சிகள்

வயலும் ஏரிக்கரையும் தொழிற்சாலை மதில்களும் அடுத்தடுத்து இருக்கும் வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. மழைக்குப் பிந்தைய இரவுகளில் மின்விளக்கின் கீழ் அவை குவியும். காசு கொடுத்து எதற்கு வாங்குவது என்ற எண்ணம் இயல்பாகவே எழும். இங்கேதான் எச்சரிக்கை தேவை.

வயலில் தெளித்த மருந்து பூச்சியை உடனே கொல்லாமல் விட்டிருக்கலாம். வீட்டுக் கரப்பான் இன்னும் ஐயத்துக்குரியது. சுண்ணக்கட்டி வடிவில் கடைகளில் விற்கும் கரப்பான் மருந்தில் இருப்பது செயற்கைப் பைரித்திராய்டு வகை நஞ்சு. கோட்டைத் தாண்டிய கரப்பான் சாவதற்குச் சில மணி நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் அது பார்வைக்கு நலமாகவே இருக்கும். மயக்கத்தில் மெதுவாக நடப்பதால் பிடிப்பதற்கும் அதுவே எளிது! பைரித்திராய்டுகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குவதுபோலவே சிலந்திகளின் நரம்பையும் தாக்கும். நஞ்சுண்ட டாரன்டுலா கால்கள் நடுங்கி, நிலைதடுமாறிச் சில நாள்களில் இறக்கலாம். மாற்றுமருந்து கிடையாது. அடுக்ககங்களில் மாதந்தோறும் மருந்தடிக்கும் வழக்கம் இருந்தால், அங்கு கிடைக்கும் எந்தப் பூச்சியையும் தீனியாகக் கொள்ளக் கூடாது. மருந்தடிக்கும் நாளில் சிலந்திப் பெட்டியையே வேறிடத்துக்கு மாற்றுவது நல்லது.

மருந்து படாத பூச்சிகளிலும் எல்லாம் உணவாகா. எருக்கஞ்செடியில் கூட்டமாக வாழும், மஞ்சளும் நீலமும் கலந்த பெரிய வெட்டுக்கிளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது அது. அதன் பளிச்சென்ற நிறம், தின்ன வருவோருக்கு விடுக்கும் எச்சரிக்கை. கொப்புள வண்டுகளும் நஞ்சுடையவை. மங்கிய நிறப் பூச்சியிலும் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும். வெளியிலிருந்து சில பூச்சிகளைப் பிடித்து, வீட்டில் பெருக்கி, அடுத்த தலைமுறையைத் தீனியாகக் கொடுப்பது இந்தச் சிக்கல்களைப் பெருமளவு தவிர்க்கிறது.

அளவும் இடைவெளியும்

பூச்சியின் உடல் சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது வளர்ப்பாளரிடையே நிலவும் பொது அளவு. குஞ்சுகளுக்கு வாரம் இருமுறை, இளஞ்சிலந்திகளுக்கு வாரம் ஒருமுறை, முதிர்ந்தவற்றுக்குப் பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்பது நடைமுறை. இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. வயிற்றைப் பார்ப்பதே சரியான வழி. முன்னுடலின் ஓட்டளவுக்கு அல்லது அதைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதுமானது. சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் உணவோ நீரோ தேவை.

மிகையாக ஊட்டுவது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். ஆனால் டாரன்டுலாவின் வயிறு மெல்லிய பைபோன்றது. நிலத்தில் வாழும் கனத்த சிலந்தி பெட்டியின் சுவரில் ஏறித் தவறி விழுந்தால் அந்தப் பை கிழிந்துவிடும். ஆண்களுக்கு வேகமாக ஊட்டினால் அவை வேகமாகப் பருவமடைந்து, விரைவில் முதிர்ந்து இறந்துபோகும்.

உணவைவிட நீர் அவசரமானது. சிலந்தி கால்களை நீட்டுவது தசையால் அன்று, உடல்நீரின் அழுத்தத்தால். நீர் குறைந்தால் கால்கள் அடியில் மடங்கிக்கொள்ளும். ஆழமில்லாத கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரே போதும். அதில் பஞ்சை ஊற வைக்கும் பழக்கம் கிருமிகளுக்கே உதவும்.

பொசிலோதீரியா போன்ற மரவாழ் இனங்களுக்குத் தீனி கொடுக்கும்போது வேகத்தை எதிர்பார்க்க வேண்டும். அமெரிக்க இனங்கள் பலவற்றுக்கு அரிப்பூட்டும் மயிர்களே காப்பு. பொசிலோதீரியாவுக்கு அவை இல்லை. கடியே அதன் காப்பு. அந்தக் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவில்லை என்றாலும், கடும் தசைப்பிடிப்பு சில நாள்களும் சில வேளை வாரங்களும் தொடர்ந்ததுண்டு. நீண்ட இடுக்கி, நிறைந்த ஒளி, பகல் நேரம் ஆகியவை பாதுகாப்பானவை. கூர்மையான உலோக இடுக்கியைச் சிலந்தி கடித்தால் பல் உடையலாம். ஆகையால் முனை மழுங்கியதையோ மரத்தாலானதையோ பயன்படுத்துவர்.

தோலுரிப்புக் காலம்

உயிர்த்தீனியின் பெரிய ஆபத்து இங்கே இருக்கிறது. டாரன்டுலா வளர்வதற்கு முழுத் தோலையும் உரிக்க வேண்டும். குஞ்சுகள் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறையும், முதிர்ந்த பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதைவிட நீண்ட இடைவெளியிலும் உரிக்கின்றன. பாம்பு சட்டையுரிப்பதைவிட இது சிக்கலானது. புறத்தோலோடு நச்சுப் பற்கள், உறிஞ்சு இரைப்பையின் உள்ளுறை, மூச்சுறுப்பின் உறை ஆகியவையும் கழன்று வருகின்றன.

உரிப்பதற்குச் சில நாள் அல்லது வாரம் முன்பே சிலந்தி உணவை மறுக்கத் தொடங்கும். வயிறு பருத்துப் பளபளக்கும். வயிற்றின் மயிரை உதிர்க்கும் அமெரிக்க இனங்களில் வழுக்கையான இடம் கறுத்துவரும். சில இனங்கள் வளை வாயிலை நூலால் அடைத்துக்கொள்ளும். போட்ட பூச்சியைச் சிலந்தி தள்ளிவிட்டாலோ, கண்டதும் பின்வாங்கினாலோ, அது உண்ண மறுப்பதாக எடுத்துக்கொண்டு உடனே பூச்சியை வெளியே எடுக்க வேண்டும். பசிக்கட்டும், பிறகு தின்னும் என்று விட்டுவைப்பதுதான் பெரும்பாலான இழப்புகளுக்குத் தொடக்கம்.

உரிக்கும் நேரத்தில் சிலந்தி மல்லாந்து படுக்கும். முதன்முறை பார்ப்பவர் அது இறந்துவிட்டது என்றே நினைப்பார். திருப்பிப் போட்டு உதவ முனைந்தால் அதுவே கொலையாகிவிடும். இறந்த சிலந்தி பொதுவாக நிமிர்ந்த நிலையில், கால்களை அடியில் சுருட்டிக் கிடக்கும். மல்லாந்து, கால் விரித்துக் கிடப்பது தோலுரிப்பு. முன்னுடலின் ஓடு மூடிபோலத் திறந்து, எட்டுக் கால்களும் கையுறையிலிருந்து விரல் வருவதுபோல மெல்ல வெளியே வரும். பெரிய சிலந்திக்கு இது பல மணி நேர வேலை. வெளிவந்த உடல் பஞ்சுபோல மென்மையானது. பற்கள் வெள்ளையாக, எதையும் குத்த முடியாத நிலையில் இருக்கும்.

இந்த நிலையில் பெட்டிக்குள் ஒரு சுவர்க்கோழி இருந்தால் வேட்டையாடுவதும் இரையாவதும் இடம் மாறிவிடும். சுவர்க்கோழி சைவப்பூச்சி அன்று. தாகமும் பசியும் எடுத்தால் ஈரமான எதையும் கொறிக்கும். புதுத்தோலின் கால் மூட்டில் ஒரு கடி போதும், உடல்நீர் ஒழுகத் தொடங்கும். உடல்நீரின் அழுத்தத்தால்தான் கால்கள் இயங்குகின்றன என்பதை நினைத்தால் அந்தக் காயத்தின் பொருள் விளங்கும். பத்து ஆண்டு வளர்த்த சிலந்தி, ஒரு ரூபாய் பெறாத பூச்சியால் ஓரிரவில் இறப்பது இப்படித்தான்.

உரித்தபின் பற்கள் வெள்ளையிலிருந்து சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்தபின்னரே உணவு. குஞ்சுகளுக்குச் சில நாளும், பெரியவற்றுக்குப் பத்து முதல் பதினான்கு நாளும் பிடிக்கும். அதுவரை தண்ணீர் மட்டுமே.

மிச்சமும் எறும்பும்

குளிர்நாட்டுக் கையேடுகள், உண்ணாத பூச்சியை 24 மணி நேரத்தில் எடுக்கச் சொல்கின்றன. சென்னையை ஒட்டிய பகுதியின் மே மாத வெப்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் எடுத்துவிடுவது பொருத்தம். உண்டு முடித்த உருண்டையையும் அப்போதே எடுக்க வேண்டும். அழுகும் மிச்சத்தில் போரிட் என்னும் சிற்றீக்கள் முட்டையிடும். சிலந்தியின் வாய்ப்பகுதியில் பெருகி அதைக் கொல்லும் நுண்ணிய உருளைப்புழுக்கள் பரவ இந்த ஈக்கள் உதவுவதாகக் கருதப்படுகிறது. அந்நோய் கண்ட சிலந்தி பிழைப்பது அரிது.

அயல்நாட்டு நூல்கள் அதிகம் பேசாத, ஆனால் நம் ஊரில் முதலிடம் பெற வேண்டிய எதிரி எறும்பு. காற்றுத்துளை வழியே எறும்பு நுழைந்துவிட்டால், மிச்சத்தை முடித்தபின் சிலந்தியையும் விடாது. தோலுரிக்கும் வேளையில் சொல்லவே வேண்டாம். எறும்புப்பொடியும் மருந்துக்கோடும் சிலந்திக்கும் நஞ்சு என்பதால் அவற்றை நாட முடியாது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பாட்டி காலத்து முறையே இங்கே சிறந்தது. பெட்டியை ஒரு பலகைமேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவர். கொசு முட்டையிடாதவாறு அந்த நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வேடிக்கையாகும் தீனி

சிலந்திக்கு எலிக்குஞ்சையோ பல்லியையோ கொடுத்துப் படம் பிடித்துப் பரப்புவது ஒரு பழக்கமாகியுள்ளது. இயற்கையில் பெரிய டாரன்டுலாக்கள் சிறு முதுகெலும்பிகளைப் பிடிப்பது உண்மையே. ஆனால் வளர்ப்பில் அவை அத்தகைய உணவு இல்லாமலே முழு ஆயுளும் வாழ்கின்றன. எலி சிலந்தியைக் கடித்துக் காயப்படுத்தலாம். மிச்சம் மிக வேகமாக அழுகும்.

இதில் சட்டமும் உண்டு. 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் தவிர்த்த எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. கேளிக்கைக்காக மட்டுமே ஒரு விலங்கை அடைத்து வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதை அதன் 11-ம் பிரிவு குற்றங்களில் சேர்க்கிறது. சிலந்தியின் பசிக்காகச் சுவர்க்கோழி கொடுப்பதும், பார்ப்போர் எண்ணிக்கைக்காகப் பல்லியைச் சிலந்தியோடு அடைப்பதும் வேறுவேறு செயல்கள். பூச்சிகள் வலியை உணர்கின்றனவா என்பது அறிவியலில் இன்னும் பேசப்படும் கேள்வி. தீனிப் பூச்சிகளுக்கும் இடம், உணவு, ஈரம் கொடுத்து வைப்பதும், முன்னரே கொல்வதானால் ஒரே நசுக்கில் முடிப்பதும் செலவில்லாத நாகரிகம்.

எந்தச் சிலந்திக்கு இந்தத் தீனி?

2021 சூலையில் சென்னை விமானச் சுங்கத்துறையினர், போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த அஞ்சல் பொதியைப் பிரித்தனர். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு குப்பிகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உயிருள்ள சிலந்தி. வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தினரும் இந்திய விலங்கியல் ஆய்வக அறிவியலாளர்களும் பார்த்து, அவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்களாக இருக்கலாம் என்றனர். மெக்சிகோவின் பிராக்கிபெல்மா பேரினமும் அவற்றுள் இருந்ததாகக் கூறப்பட்டது. இறக்குமதி உரிமமோ நலச்சான்றோ இல்லாததால் பொதி போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உணவும் நீரும் இன்றி அஞ்சலில் வந்தவை, அதே வழியில் மீண்டும் பயணப்பட்டன.

பிராக்கிபெல்மா, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் நெடுங்காலமாக உள்ளது. பொசிலோதீரியா பேரினம் 2019-ல் அதே இணைப்பில் சேர்க்கப்பட்டது. இலங்கை இதை முன்மொழிந்த நாடுகளுள் ஒன்று. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் சைட்ஸ் உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டத்தோடு இணைத்தது. இணைப்புகளிலுள்ள அயல் விலங்குகளை உயிரோடு வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையவாயிலில் பதிவுசெய்ய வேண்டும் என 2024-ல் விதிகள் வந்தன. சிலந்தி வாங்க நினைப்பவர் தீனிக்கு முன் கேட்க வேண்டியது அந்தத் தாள்களையே. அரக்கோணத்துப் புளியமரப் பொந்திலோ இராமேசுவரத்துத் தோப்பிலோ கண்ட சிலந்தியைப் பெட்டியில் அடைத்துச் சுவர்க்கோழி போடுவதற்கு எந்தத் தாளும் கிடைக்காது. அது தன் பொந்தின் வாயிலில் தானே பிடித்துத் தின்னும். கரப்பானையும் அந்தையும் உண்ணும் அந்தச் சிலந்தி இருக்கும் தோப்பில் மருந்து தெளிக்காமல் விடுவதும் முதுமரத்தை வெட்டாமல் விடுவதும், அதற்குத் தீனி கொடுக்கும் ஒரே வழி.